ஓடையில் பிடித்த சன்ஃபிஷ்: வீட்டுத் தொட்டிக்கு எந்த இனம் சரி?

மே மாதம் பிறந்தால் போதும், டல்லாஸ் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகளை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனோம், மண்புழு கோத்துத் தூண்டில் போட்டதும் கையகலத்தில் ஒரு மீன் மாட்டியது, வயிறு ஆரஞ்சாகவும் கன்னத்தில் நீலக் கோடுகளாகவும் அப்படி ஓர் அழகு, இதை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வளர்க்கலாம். எட்டு வருடமாக நானும் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் "சன்ஃபிஷ்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒரே மீன் கிடையாது. ஒன்று 20 கேலன் தொட்டியில் நிம்மதியாக இருக்கும், இன்னொன்று அதே தொட்டியில் மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட்டுத் தனியாக நிற்கும்.

கடலில் மிதக்கும் அந்தப் பிரம்மாண்டமான சன்ஃபிஷ்ஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது வட அமெரிக்காவின் நன்னீருக்கே உரிய குடும்பம், லார்ஜ்மவுத் பாஸும் இதே குடும்பம்தான். டெக்சஸ்காரர்கள் சின்ன சன்ஃபிஷ் எதைப் பார்த்தாலும் "பெர்ச்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் பக்கத்தில் தூண்டில் போடுகிறவரிடம் கேட்டு இனம் தெரிந்துகொள்ள முடியாது. நாமே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

சட்டம். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 17 வயது நிரம்பியவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். கலிஃபோர்னியாவில் பிடித்த மீனைப் பிடித்த நீர்நிலையிலிருந்து உயிரோடு எடுத்துப்போகவே கூடாது. அமெரிக்க, கனடா எல்லையில் இருக்கிற பேரேரிகளில் 2005இல் விஎச்எஸ் என்ற மீன் வைரஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்தில் உயிர்மீனைக் கொண்டுபோவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. உள்ளூர்ச் சட்டத்தை மீறிப் பிடித்த மீனை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்திய அரசுச் சட்டப்படியும் (ஃபெடரல்) குற்றமாகிவிடும். விசாவிலோ க்ரீன் கார்டு வரிசையிலோ இருக்கிற நம் ஆட்கள் இதை இரண்டு முறை படியுங்கள். உங்கள் மாநில வனவிலங்குத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "இந்த இனத்தை, இந்த முறையில் பிடித்து, வீட்டுத் தொட்டியில் வைக்கலாமா" என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

வளர்ந்த பிறகு எவ்வளவு பெரிது. இன்றைக்கு விரல் நீளம் இருப்பதை வைத்துத் தொட்டி வாங்கக் கூடாது. மூன்று வருடம் கழித்து இருக்கப்போகிற மீனுக்குத்தான் வாங்க வேண்டும்.

குணம். லெபோமிஸ் என்ற இனத்தொகுதியைச் சேர்ந்த ஆண் மீன்கள் எல்லாமே வசந்தத்தில் இடம் பிடித்துச் சண்டை போடுபவைதான். சண்டையின் அளவில்தான் வித்தியாசம்.

சாப்பாடு. காட்டு மீனுக்குப் பெல்லட் என்கிற உலர்ந்த உருண்டைத் தீனி என்னவென்றே தெரியாது. முதல் சில வாரம் மண்புழு, உறையவைத்த ரத்தப்புழு, குட்டி இறால் மாதிரி இருக்கிற கிரில் என்றுதான் ஓடும். வீட்டில் சைவம் என்றால் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த ரத்தப்புழுப் பொட்டலம் உங்கள் ஃப்ரீசரில்தான் இருக்கப்போகிறது.

திரும்ப விட முடியாது. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பலருக்குத் தெரியாததும் இதுதான். தொட்டியில் வைத்த மீனை மறுபடி ஓடையில் விடுவது, அதே ஓடையாகவே இருந்தாலும், தொட்டியில் வந்த நோயைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. டெக்சஸில் அனுமதியில்லாமல் பொது நீரில் மீனை விடுவது குற்றம். ஒன்றிரண்டு மீன் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பான் கதையைச் சொல்வேன். 1960இல் அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அகிஹிதோவுக்குச் சிகாகோ மேயர் ப்ளூகில் மீன்களைப் பரிசாகக் கொடுத்தார், உணவுக்கு ஆகும் என்று ஜப்பானில் அவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள், அங்கிருந்து பிவா ஏரி வரை பரவி நாட்டு மீன்களுக்கு எமனாக ஆனது. 2007இல் அதே அகிஹிதோ, பேரரசராக, இதற்காக மனம் வருந்துகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஐரோப்பாவிலும் இப்படித்தான், பம்ப்கின்சீட் என்ற சன்ஃபிஷ் 2019இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| இனம் | வளர்ந்த அளவு | குறைந்தபட்சத் தொட்டி | குணம் | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| ப்ளூகில் | 15–20 செ.மீ., மேலும் வளரும் | ஒன்றுக்கு 75 கேலன், கூட்டத்துக்கு 125 | நடுத்தரம், இரண்டாக வைத்தால் மோசம் | தரைத்தளத்தில் சொந்த வீடு |
| கிரீன் சன்ஃபிஷ் | 15–20 செ.மீ. | ஒன்றுக்கு 75 கேலன் | மிக முரடு | ஒரே மீன் போதும் என்பவர்களுக்கு |
| லாங்இயர் | 10–15 செ.மீ. | ஒன்றுக்கு 55, சிலவற்றுக்கு 75 | முரடுதான், சமாளிக்கலாம் | பெரும்பாலானவர்களுக்கு |
| ஆரஞ்ச்ஸ்பாட்டட், டாலர் | 7–10 செ.மீ. | 30–40 கேலன் | மிதம் | இடம் குறைவாக இருப்பவர்களுக்கு |
| ப்ளூஸ்பாட்டட் | 7–9 செ.மீ. | 20 கேலன் நீளத் தொட்டி | சாது | அபார்ட்மென்ட், செடித்தொட்டி |

## ப்ளூகில்

ஏரிக்கரையில் யார் தூண்டில் போட்டாலும் முதலில் மாட்டுவது இதுதான். செவுள் மடல், அதாவது செவுள் மூடியின் பின்நுனி, முழுக்கக் கறுப்பாக, விளிம்பில் வேறு நிறமே இல்லாமல் இருக்கும், முதுகுத் துடுப்பின் கடைசியில் ஒரு கரிய திட்டு இருக்கும். வாய் சின்னது. குஞ்சாக இருக்கும்போது உடம்பில் ஊதா மினுமினுப்பும் மேலிருந்து கீழாகப் பட்டைகளும் தெரியும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்கிவிடுகிறோம்.

இதில் நல்ல விஷயம், சீக்கிரம் பழகும். ஒரு மாதத்தில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடி வரும். பெல்லட்டையும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். கெட்ட விஷயம், வளர்கிறது. நன்றாகச் சாப்பிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் சாப்பாட்டுத் தட்டில் வைக்கிற அளவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, இரண்டு ப்ளூகில் வைக்காதீர்கள். ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் பெரிய தொட்டியில் ஆறு ஏழு வையுங்கள். இரண்டு இருந்தால் பலசாலியின் கோபம் முழுவதும் ஒன்றன்மேலேயே விழும், அது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்று, சாப்பிட வராமல், சில வாரத்தில் செத்துவிடும். கூட்டமாக இருந்தால் அந்தக் கோபம் எல்லோர் மேலும் பிரிந்துபோகும்.

மறைமுகச் செலவு தொட்டியின் எடைதான். 75 கேலன் என்றால் தண்ணீர் மட்டும் 284 கிலோ, கண்ணாடி, சரளை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 400 கிலோவை நெருங்கும். இரண்டாம் மாடி அபார்ட்மென்டில் இதை வைக்குமுன் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல ஒப்பந்தங்களில் தொட்டி அளவுக்கு வரம்பு போட்டிருப்பார்கள்.

ப்ளூகில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் பண்ணைக் குஞ்சையும் யோசியுங்கள். குளத்தில் விடுவதற்கென்றே இங்கே பண்ணைகளில் ப்ளூகில் குஞ்சு விற்கிறார்கள், பெல்லட் சாப்பிட்டுப் பழகினவை, காட்டுப் புழுத் தொல்லையும் குறைவு. பெரும்பாலும் மொத்தமாகத்தான் விற்பார்கள், அதனால் குளம் வைத்திருக்கிற நண்பரோடு சேர்ந்து வாங்குவது வசதி. "ஹைப்ரிட் ப்ளூகில்" என்று சொல்லிக் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்றுவிடுங்கள். அது ப்ளூகில்லும் கிரீன் சன்ஃபிஷ்ஷும் கலந்தது, பெரும்பாலும் ஆணாகவே பிறக்கும், வேகமாக வளரும், கிரீனின் முரட்டுத்தனமும் கூடவே வரும்.

## கிரீன் சன்ஃபிஷ்

கலங்கின ஓடை, வெயிலில் வற்றி ஆக்சிஜன் குறைந்த குட்டை, மழைநீர்க் கால்வாய், எங்கே போட்டாலும் பிழைக்கிற மீன் இது. அதனால்தான் டல்லாஸ் ஓடைகளில் பிள்ளைகள் கைவலையில் அள்ளும்போது முதலில் இதுவே வருகிறது. அடையாளம் வாய். தாடை கண்ணுக்குக் கீழ்வரை நீளும், இங்கே சொல்கிற மற்ற சன்ஃபிஷ்களின் வாய் அவ்வளவு தூரம் வராது. கன்னத்தில் பச்சையும் நீலமும் கலந்த கோடுகள், துடுப்பு ஓரத்தில் மஞ்சள்.

என் முதல் தப்பு இதில்தான் நடந்தது. ஒயிட் ராக் க்ரீக்கில் பிடித்த, கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மூன்று குஞ்சுகளை லாங்இயர் என்று நினைத்து 55 கேலன் தொட்டியில் விட்டேன். மூன்றும் சேர்ந்தே சுற்றின, நன்றாகத்தான் இருந்தன. ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் ஒன்றின் வால் துடுப்பு முழுக்கக் கிழிந்து கிடந்தது, அதைத் தனியாக எடுத்து வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டாவது அடுத்த மாதம் போனது. அந்தச் சாவு என்னால் வந்தது, இனம் சரியாகப் பார்த்திருந்தால் அவை ஓடையிலேயே இருந்திருக்கும். அன்றிலிருந்து எந்த மீனையும் முதலில் தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாய், செவுள் மடல், முதுகுத் துடுப்பு மூன்றையும் படம் எடுத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

மூன்றாவது இன்னும் இருக்கிறது, தனியாக. மண்புழுவை என் விரலிலிருந்தே பிடுங்கும், கடித்தால் சுருக்கென்று உறைக்கும். ஒரே ஒரு மீன், நாய்க்குட்டி மாதிரிப் பழக வேண்டும், நோய் நொடி குறைவாக இருக்க வேண்டும் என்றால் இதைவிடத் தாங்கும் மீன் கிடையாது. கூட எதையும் போடக் கூடாது, அவ்வளவுதான்.

## லாங்இயர்

என்னைக் கேட்டால் இதுதான்.

சரளைக்கல் தரை, தெளிந்த ஓட்டம், அப்படிப்பட்ட ஓடையில்தான் இது இருக்கும். வசந்தத்தில் ஆண் மீனை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் கடல்மீன் தொட்டி ஆசையே போய்விடும். வயிறும் மார்பும் செம்பருத்தியின் ஆரஞ்சு, அதன் மேல் முகம் முழுக்க அலையலையாக நீலக் கோடுகள், செவுள் மடல் காது மாதிரி நீண்டு, கறுப்பாக, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை போட்டிருக்கும். இன்னொரு ஆண் கிட்டே வந்தால் அந்த மடலை விரித்துக்காட்டும். கண் சிவப்பு. தொட்டியில் நல்ல சாப்பாடு கிடைத்தால் இந்த நிறம் பல மாதம் அப்படியே நிற்கும், வெறும் பெல்லட்டில் மங்கிவிடுகிறது, கிரில் சேர்த்தால் திரும்புகிறது.

அளவுதான் இதன் பெரிய வசதி. பெரும்பாலும் 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுவதால் ஓர் ஆண் மீனை 55 கேலனில் தாராளமாக வைக்கலாம். ஓர் ஆணோடு இரண்டு மூன்று பெண் என்றால் 75 வேண்டும், நடுவில் கல்லும் மரக்கட்டையும் போட்டுப் பார்வையை மறைக்க வேண்டும். இரண்டு ஆண் கூடாது.

இதில் ஒரு வேண்டுகோள். மே முதல் ஆகஸ்ட் வரை, ஆழமில்லாத இடத்தில் தட்டு மாதிரி குழித்த சரளையின் மேல் ஓர் ஆண் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தால் அதைத் தூண்டிலில் எடுக்காதீர்கள். அது முட்டைக்குக் காவல் நிற்கிறது. துடுப்பால் விசிறி முட்டைக்குக் காற்று கொடுப்பதும் அதுதான், திருடவரும் மீனை விரட்டுவதும் அதுதான். அதை எடுத்த சில நிமிடத்தில் சுற்றி நிற்கிற மீன்கள் கூட்டையே காலி செய்துவிடும். அழகான ஆண் என்று நம் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தக் காவல்காரன்தான் என்பது வருத்தமான விஷயம். ஐந்தாறு சென்டிமீட்டர் குஞ்சை எடுங்கள், அதுதான் தொட்டிக்கும் சீக்கிரம் பழகும்.

மறைமுகச் செலவு தண்ணீர்ச் சுத்தம். கிரீன் பொறுத்துக்கொள்கிற அழுக்கை இது பொறுக்காது. பெரிய ஃபில்டர், வாரா வாரம் கால்வாசிக்கு மேல் தண்ணீர் மாற்றுவது, இரண்டும் கட்டாயம்.

## சின்ன இனங்கள்

ஆரஞ்ச்ஸ்பாட்டட் டெக்சஸிலேயே உண்டு, கலங்கல் நீரையும் தாங்கும், ஆணின் உடம்பில் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் புள்ளிகள் தெறித்திருக்கும். டாலர் சன்ஃபிஷ் கிழக்கு டெக்சஸின் மெதுவான நீரில் கிடைக்கும், பார்க்கக் குட்டி லாங்இயர் மாதிரியே இருக்கும். வீட்டில் 40 கேலனுக்கு மேல் இடமில்லை என்றால் இந்த இரண்டில் ஒன்று. இவற்றின் ஆயுள் பெரியவற்றைவிடக் குறைவு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூஸ்பாட்டட் வேறு இனத்தொகுதி, அட்லாண்டிக் கரையோர மாநிலங்களிலும் வளைகுடாக் கரையின் கிழக்குப் பகுதியிலும் இருப்பது. டெக்சஸில் பிடிக்க முடியாது, தொட்டியில் பிறந்த குஞ்சை நாட்டு மீன் வளர்ப்பவர்களிடம் விலைக்குத்தான் வாங்க வேண்டும். சாதுவான மீன், செடி நிறைந்த 20 கேலன் நீளத் தொட்டியில் ஐந்தாறு வைக்கலாம், மங்கலான வெளிச்சத்தில் அந்த நீலப்புள்ளிகள் மின்னும்போது பார்க்க வேண்டும். வேகமான மீன்களோடு போட்டால் மட்டும் பட்டினி கிடந்து செத்துவிடும். இதன் சொந்தக்காரமீன் ப்ளாக்பேண்டட், அதைவிட அழகு, ஆனால் விர்ஜீனியா உட்படச் சில மாநிலங்களில் அழியும் நிலை இனமாகப் பாதுகாக்கப்பட்டது. காட்டில் கண்டால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

நியூ ஜெர்சி, மிச்சிகன் பக்கம் இருப்பவர்களுக்கு லாங்இயருக்குப் பதில் பம்ப்கின்சீட் கிடைக்கும், மடல் நுனியில் சிவப்புப் பொட்டு இருக்கும். லாங்இயருக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும், கொஞ்சம் பெரிய தொட்டி வேண்டும், தொட்டியிலிருக்கும் நத்தைகளை முழுக்கத் தின்று தீர்த்துவிடும்.

## எந்த இனமானாலும் வரும் செலவுகள்

ஹீட்டர் செலவு மிச்சம், அது உண்மை. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸில் மின்சாரம் போனபோது எனக்குத் தெரிந்தவர் வீட்டில் வெப்பமண்டல மீன்கள் எல்லாம் போய்விட்டன, என் வீட்டுச் சன்ஃபிஷ்கள் அடியில் அசையாமல் நின்று பிழைத்துக்கொண்டன. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வைத்திருந்தேன், அதுவும் ஒரு காரணம்.

நோய்க்குத்தான் செலவு. காட்டு மீனைத் தனித்தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்த பிறகுதான் பெரிய தொட்டியில் விட வேண்டும். தோலில் மிளகுத் தூவின மாதிரிக் கரும்புள்ளி இருந்தால் பயப்படாதீர்கள், அந்த ஒட்டுண்ணிக்கு நத்தை, மீன், மீன்கொத்தி அல்லது நாரை மூன்றும் வேண்டும், பறவை இல்லாத உங்கள் தொட்டியில் அது பரவாது. உடம்பிலிருந்து நூல் மாதிரித் தொங்குகிற நங்கூரப் புழு அப்படிப்பட்டதில்லை, அது தொட்டியிலேயே பெருகும், உடனே மருந்து வேண்டும். குடல்புழுவுக்கும் செவுள்புழுவுக்கும் ப்ராசிகுவான்டெல், லெவமிசோல் மாதிரி மருந்துகள் உண்டு, இரண்டும் ஒரே புழுவுக்கு வேலை செய்யாது, எதற்கு எது என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

ஏரித் தண்ணீரை வாளியில் மொண்டு வருவதை நிறுத்துங்கள். டெக்சஸில் 2009இல் டெக்ஸோமா ஏரியில் வரிச்சிப்பி (ஜீப்ரா மசல்) என்ற ஆக்கிரமிப்புச் சிப்பி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, இப்போது பல ஏரிகளில் இருக்கிறது, அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. படகில் போனால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது சட்டம். வீட்டிலிருந்து குளோரின் நீக்கிய தண்ணீரும் பேட்டரி பம்பும் கொண்டுபோய், மீனை மெதுவாக அதற்குப் பழக்கி எடுத்து வாருங்கள்.

அப்புறம் ஊருக்குப் போவது. நாம் வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை ஐந்து வாரம் போய்விடுகிறோம். மண்புழு மட்டுமே தின்கிற மீனுக்கு அந்த ஐந்து வாரம் பக்கத்து வீட்டு நண்பர் புழு நறுக்கிப் போட மாட்டார். பெல்லட் பழகியிருந்தால் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும், தண்ணீர் மாற்ற மட்டும் ஒருவர் வந்தால் போதும். நறுக்கின மண்புழுவோடு இரண்டு பெல்லட் கலந்து போட்டுக்கொண்டே வந்து, புழுவைக் குறைத்துப் பெல்லட்டைக் கூட்டிப் பழக்க எனக்கு ஆறு வாரம் பிடிக்கிறது. டிக்கெட் போடும் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலாவது மீன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

## அப்படியென்றால் எது

அபார்ட்மென்ட், சின்னப் பிள்ளைகள், முதல் நாட்டு மீன் என்றால் ப்ளூஸ்பாட்டட் வாங்குங்கள், பிடிக்கப் போகாதீர்கள். சொந்த வீடு, 55 அல்லது 75 கேலன் வைக்க இடம், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் லாங்இயர் ஒன்று. பழகும் மீன் ஒன்றே ஒன்று போதும் என்றால் கிரீன். ப்ளூகில் கூட்டம் வைக்க 125 கேலனுக்கு இடமிருந்தால் மட்டும் ப்ளூகில். இடமே இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது என்றால் தெளிந்த டப்பா ஒன்று எடுத்துப்போய், பிடித்துப் பார்த்து, பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் அங்கேயே விட்டுவிடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

பிடிக்கப் போவதானால் செப்டம்பர் கடைசி, அக்டோபரில் போங்கள். முட்டைக் காலம் முடிந்திருக்கும், தண்ணீர் குளிர்ந்து ஆக்சிஜன் கூடியிருக்கும், அந்த வருடத்துக் குஞ்சுகளும் ஓரளவு வளர்ந்திருக்கும். தொட்டி அதற்கு ஒன்றரை மாதம் முன்பே ஓட ஆரம்பித்து, மீனுக்கு நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். சின்னத் தூண்டில் முள் போதும், அதன் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கிற எதிர்முள்ளைக் குறடால் அழுத்திவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்கு மூடி போடுங்கள், முதல் இரவு அது துள்ளும். விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கக் கண்ணாடியிலும் பக்கவாட்டிலும் கறுப்புத்தாள் ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் சாப்பிடாது. நான்காம் நாள் நெளிகிற புழு ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, அறையை விட்டு வெளியே போய் நின்று பாருங்கள்.